மூன்று மில்லி

நர்ஸ் ஜோதிமணி கணக்கில் தவறவில்லை. குழந்தைக்கு நாலு மாதம், எடை ஐந்து கிலோ. கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு எழுபத்தைந்து. காய்ச்சல் சிரப்பில் ஐந்து மில்லிக்கு நூற்றிருபத்தைந்து மில்லிகிராம் இருக்கிறது. ஆக, மூன்று மில்லி. மனக்கணக்காகவே போட்டுவிட்டாள்.

எழுதியதில்தான் கோளாறு. மருந்தின் பெயர், வீரியம், மில்லிகிராம், மில்லி என்று நாலையும் எழுத வேண்டும் என்றுதான் படித்திருந்தாள். கொடைக்கானலில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் யாரும் அப்படி எழுதுவதில்லை. மலைச்சனத்துக்கு மில்லிகிராம் எதற்கு என்று மில்லியோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த வியாழக்கிழமை கூக்கால் கிராமத்துக்குப் போகும் நாலரை மணி பஸ் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதை விட்டால் குழந்தையின் தாய் பாண்டிச்செல்விக்கு அன்றைக்கு வேறு பஸ் கிடையாது. ‘காய்ச்சல் மருந்து 3 மில்லி, நாலு வேளை, மூணு நாள்’ என்று கிறுக்கி நீட்டினாள்.

“பாதியில நிப்பாட்டிராதீங்க. ஒங்க ஊர்க்காரங்களுக்கு அதே சோலி.” எந்த மருந்துக்கும் அவள் சொல்கிற வசனம் அது.

“சொன்னபடியே குடுத்துருவேன் சிஸ்டர்.”

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி மருந்துக்கடை ராஜமுருகன் பேச்சுவாக்கில் சொன்னான்.

“சிரப் தீந்துபோச்சு சிஸ்டர். நேத்து அந்தக் கூக்கால் பொம்பளைக்கு டிராப்ஸ் குடுத்துவிட்டேன். சீட்டுக் கணக்குக்கு மூணு பாட்டில். மருந்து ஒண்ணுதான?”

மருந்து ஒன்றுதான். ஆனால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே நூறு மில்லிகிராம். மூன்று மில்லி என்றால் முந்நூறு. நாலு மடங்கு. தொடர்ந்து கொடுத்தால் பிஞ்சு ஈரல் தாங்காது.

“என்ன, மூஞ்சி முட்டைக்கோசு மாதிரி வெளுத்துருச்சு?”

“ஒண்ணுமில்ல, போங்க.”

பாண்டிச்செல்விக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஒன்பதரைக்குக் கூக்காலுக்கு ஒரு பஸ் இருந்தது. அதில் போக வேண்டுமானால் டாக்டரிடம் லீவு கேட்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும். இந்தச் சனம் எந்த மருந்தை முழுசாகக் கொடுத்திருக்கிறது, ரெண்டு வேளையில் காய்ச்சல் விட்டதும் பாட்டிலைத் தூக்கிப் பரணில் வைத்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பஸ் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போவதை ஜன்னலோரம் நின்று பார்த்தாள். சனிக்கிழமையும் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை. யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குத்தான் ஏறினாள்.

பாண்டிச்செல்வி வாசலில் குழந்தையோடு நின்றிருந்தாள்.

“வாங்க சிஸ்டர், நானே வரலாம்னு இருந்தேன். ஒரு வேளைகூட விடல. அந்தக் குழாயில ஒரு மில்லிதான் பிடிக்குது, மூணு வாட்டி நெப்பி நெப்பிக் குடுத்தேன். ஆனா நேத்துலருந்து பால் குடிக்க மாட்டேங்குறான். குடிச்சாலும் கக்கிருறான்.”

ஜோதிமணி குழந்தையின் இமையை விலக்கினாள். வெள்ளை முழியெல்லாம் மஞ்சளாக இருந்தது.

“வெரசா ஒரு வண்டி பிடிங்க. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

கேரட் ஏற்றவிருந்த ஜீப் ஒன்று கிடைத்தது. கொடைக்கானல் தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போது பாண்டிச்செல்வி மெல்லக் கேட்டாள்.

“நான் எதும் கூடக்கொறையக் குடுத்துட்டேனா சிஸ்டர்?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். ரெண்டு வளைவு தாண்டும் வரை ஜோதிமணி அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

“நீங்க சரியாத்தான் குடுத்தீங்க. நான் எழுதுனதுதான் தப்பு. கடையில சிரப்புக்குப் பதிலா சொட்டு மருந்து குடுத்துருக்காங்க, நாலு மடங்கு வீரியம். எந்த மருந்துக்கு மூணு மில்லின்னு நான் எழுதல.”

டிரைவர் திரும்பிப் பார்த்தான். பாண்டிச்செல்வி தோளில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

“வெள்ளிக்கிழமை காலையில.”

பாண்டிச்செல்வியின் உதடு அசைந்தது. வேளைகளை எண்ணினாள்.

“வெள்ளிக்கிழமை காலையில மூணு வேளைதான குடுத்துருந்தேன்.”

அவள் கத்தவில்லை. குழந்தையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஜோதிமணி நாடி பார்க்கக் கை நீட்டியபோது சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி மறைத்தாள்.

குழந்தை பிழைத்தது. ஆஸ்பத்திரியை விட்டு வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. ஜோதிமணி நாலு தடவை மலையிறங்கிப் போனாள். ஒரு தடவைகூடப் பாண்டிச்செல்வி அவளைப் பிள்ளையைத் தொட விடவில்லை.