லாசரஸ் முறுக்காத கிளாம்ப்

படகு வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சேலையூரில் குடியிருந்துகொண்டு நாவலூரில் கம்ப்யூட்டரைத் தட்டுகிற பையனுக்குப் பாய்மரப் படகு எதற்கு? பக்கத்து வீட்டு ஜெஃப்ரி வாங்கினான். ஊரைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கிய பழைய படகு. கோவளம் உப்பங்கழியில், எப்போதோ மூடிவிட்ட ஒரு விடுதியின் மரத்துறையில் அதைக் கட்டிப் போட்டிருந்தான். பாண்டிச்சேரி வரை கூட்டிப் போகிறேன் வாருங்கள் அங்கிள் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கூப்பிடுவான். பஸ்ஸிலேயே எனக்குக் குமட்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை. வேலை முடிந்து பைக்கில் வரும்போது மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி இடித்தது. முதுகெலும்பில் அடி. மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகள் பிழைத்தன, ஆனால் பிடியில் பலமில்லை. தினமும் சக்கர நாற்காலியில் உட்காரப் பழகினால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும் என்று டாக்டர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். அவன் மாட்டேன் என்றான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தான். முதுகில் புண் வந்தது.

அவனை எழுப்பியது அந்தப் படகுதான். அவனுடைய அப்பா லாசரஸ், பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை கோவளம் போய்ப் படகுக்குள் நின்றுகொண்டு வீடியோவில் அவனைக் கூப்பிட்டார். நீ எழுந்து உட்கார்ந்து பேசினால்தான் படகைக் காட்டுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். முதல் வாரம் திட்டினான். அடுத்த வாரம் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு சனிக்கிழமை வருவதற்காகவே மற்ற நாட்களிலும் உட்கார ஆரம்பித்தான். தன்னால் ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார முடிந்ததும் தன்னைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் படகில் வைக்க வேண்டும் என்பது அவனுடைய நிபந்தனை. படகு மிதந்துகொண்டிருக்கும்வரை அவன் உட்காருவான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

லாசரஸுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் நான் மாட்டிக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் என் மனைவி ஜெஃப்ரிக்குத் துணையாக இருப்பாள். நானும் லாசரஸும் அவர் மனைவி அமலராணியும் வண்டலூர் போய், கேளம்பாக்கம் சாலையில் திரும்பி, கோவளம் போவோம். வழியெல்லாம் அமலராணி பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசைய ஜெபித்தபடி வருவார். விபத்துக்குப் பிறகு அவர் மேடவாக்கத்தில் ஒரு உபவாச ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார். அங்கே போதகர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயை மகனுடைய கால்களில் தினமும் தேய்ப்பார். அது தீர்ந்துபோனால் வீட்டுத் தேங்காயெண்ணெயைக் கலந்துகொள்வார். காலுக்கு எண்ணெய், மூளைக்கு என்ன என்று லாசரஸ் ஒருமுறை கேட்டுவிட்டார். அந்தச் சண்டை எங்கள் வீட்டுக் கூடம்வரை கேட்டது. அதற்குப் பிறகு அமலராணி எண்ணெய் என்ற வார்த்தையையே அவர் எதிரில் சொன்னதில்லை.

படகைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஜெஃப்ரி சொல்லித்தான் தெரிந்தது. பாய்மரப் படகு என்றாலும் காற்று இல்லாதபோது ஓட்ட ஒரு சின்ன எஞ்சின் உண்டு. எஞ்சின் உள்ளே இருக்கிறது, விசிறி வெளியே தண்ணீரில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கிற ஷாஃப்ட் படகின் அடியில் ஒரு துளை வழியாக வெளியே போகிறது. அந்தத் துளை வழியாகக் கடல் உள்ளே வந்துவிடாமல் காப்பது முழங்கை நீளத்துக்கு ஒரு ரப்பர் உறையும் அதை இறுக்கிப் பிடித்திருக்கிற கிளாம்புகளும்தான். பழைய உறை கிழிந்தபோது பாரிமுனையில் சொல்லிச் செய்து போட்டிருந்தான். "அப்பா, மொத்தப் படகோட உயிரும் இந்த ஒரு இடத்துலதான் இருக்கு" என்று வாரா வாரம் சொல்வான்.

செய்ய வேண்டியதையும் வாரா வாரம் சொல்வான். உறையை ஒரு துணியால் துடைக்க வேண்டும். டீசலோ கிரீஸோ அதில் படவே கூடாது, ரப்பர் ஊறிவிடும். கிளாம்பில் துரு இருக்கிறதா பார்க்க வேண்டும். பிறகு அதன் அடியில் காய்ந்த டிஷ்யூ தாளை விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து ஈரம் இருக்கிறதா என்று காட்ட வேண்டும். அடியில் தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடி வெளியே தள்ளுகிற ஒரு பம்ப் இருந்தது. அது நல்லதும் கெட்டதும் என்பான். கசிவு இருந்தாலும் பம்ப் மறைத்துவிடும், மேலே இருக்கிற சோலார் தட்டுக்கு வெயில் கிடைக்காமல் பேட்டரி இறங்கினால்தான் உண்மை தெரியும், அப்போது தெரிந்து பிரயோசனமில்லை என்பான். லாசரஸ் வகுப்பில் முதல் பெஞ்சு மாணவன் மாதிரி ஒவ்வொன்றையும் செய்து காட்டுவார். டார்ச் பிடிப்பது என் வேலை.

வேலை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் கயிறுகளைப் பார்க்க மேலே போய்விடுவோம். அமலராணி கீழேயே உட்கார்ந்து சத்தமாக ஜெபிப்பார். சத்த ஜெபம் லாசரஸுக்கு ஆகாது. கயிற்றை ஒருமுறை பார்த்தால் போதும், அவர் நான்கு முறை பார்ப்பார்.

ஐப்பசி பிறந்த சமயத்தில் துடைக்கிற துணியில் பளபளப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. எஞ்சின் ஆயில்தான் எங்கேயோ கசிகிறது என்று ஜெஃப்ரி பதறினான். எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம், ஒன்றும் அகப்படவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை டிஷ்யூவின் ஒரு ஓரம் நனைந்திருந்தது. நாக்கில் வைத்துப் பாருங்கள் என்றான் ஜெஃப்ரி. லாசரஸ் யோசிக்காமல் வைத்தார். உப்புக் கரித்தது. அன்றைக்கே வெளிநாட்டிலிருந்து புது உறைக்கு ஆர்டர் போட்டான். அது வரும்வரை கிளாம்பை அரைச்சுற்று முறுக்கச் சொன்னான். லாசரஸ் அப்போதே முறுக்கினார். நான்தான் டார்ச் பிடித்திருந்தேன். படகு ஆடியதில் என் கை ஆடி, வீடியோவில் ஜெஃப்ரிக்குச் சரியாகத் தெரியவில்லை. முறுக்கிட்டேன்டா என்று லாசரஸ் சொன்னதை அவன் நம்பினான்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து ஜனங்களைப் படகில் ஏற்றினார்கள். மாம்பாக்கம் பக்கத்தில் ஏரி நிரம்பிச் சாலையில் தண்ணீர் ஓடியதால் இரண்டு சனிக்கிழமைகள் எங்களால் போக முடியவில்லை. வெயில் தலைகாட்டவே இல்லை. ஜெஃப்ரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். அந்த வாரம்தான் ஒரு மணி நேரத்தைத் தாண்டினான். அவன் சந்தோஷப்படவில்லை, பேட்டரியைப் பற்றியே பேசினான்.

மழை விட்ட அன்று விடுதிக் காவல்காரர் சிட்டிபாபு லாசரஸுக்குப் போன் செய்தார். "சார், உங்க படகு சேத்துல உக்காந்துகினு கீது சார். உள்ளல்லாம் தண்ணி" என்றார். லாசரஸ் போனை வைத்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததுமே சாவியை எடுத்துக்கொண்டேன். மழைக்குப் பிறகு சும்மா பார்த்துவிட்டு வருகிறோம் என்று அமலராணியிடம் சொல்லிவிட்டு இரண்டு பேர் மட்டும் போனோம்.

உப்பங்கழியில் ஆழம் குறைவு. படகு முழுதாக மூழ்கவில்லை, அடிப்பக்கம் சேற்றில் அமர்ந்து ஒருபுறம் சாய்ந்திருந்தது. சிட்டிபாபு எங்கிருந்தோ ஒரு டீசல் பம்பைக் கொண்டுவந்து வெகுநேரம் இறைத்தார். தண்ணீர் வடிந்த பிறகு இறங்கினோம். எஞ்சின் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்திருந்தது. மெத்தை, வரைபடம், அவனுடைய தொப்பி எல்லாம் ஒரே சேறு.

நான் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன். நொறுங்கின வண்டியைப் பார்த்து எது முதலில் உடைந்தது என்று சொல்வது என் பிழைப்பு. கிளாம்பைத் தொட்டுப் பார்த்தேன். துரு இல்லை, இறுக்கமாகத்தான் இருந்தது. ரப்பர்தான் கெட்டுப்போயிருந்தது. சாம்பாரில் ஊறின வடை மாதிரி உப்பி, விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. கிளாம்ப் அந்த நொய்ந்த ரப்பரை அறுத்திருந்தது. மடிப்புகளுக்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தேன். எஞ்சின் ஆயில் வாசனை இல்லை. தேங்காயெண்ணெய்.

லாசரஸ் என் கையைப் பிடித்து இழுத்துத் தானும் முகர்ந்தார். அந்த வாசனை அவருக்குத் தெரியாததா? தினமும் காலையில் மகனுடைய அறையில் அடிக்கிற வாசனை. பிறகு அவர் ஷாஃப்டுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவி ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். பாதி எண்ணெய் இருந்தது. உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று மகன் வாரா வாரம் சொன்னதைக் கேட்டு, நாங்கள் மேலே போனதும் அந்த அம்மாள் அந்த இடத்துக்கு எண்ணெய் பூசி ஜெபித்திருக்கிறார். பாட்டிலை லாசரஸ் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது ஜெஃப்ரி நாற்காலியில் காத்திருந்தான். நாங்கள் சொல்லாமலே எங்கள் பேண்ட்டில் இருந்த சேறு சொல்லிவிட்டது. எப்படி என்று மட்டும் கேட்டான். அமலராணி சமையலறையிலிருந்து வந்து கதவருகில் நின்றார். லாசரஸ் மகனுக்கு எதிரில் நின்றுகொண்டு, கிளாம்ப் என்றார்.

"நீ முறுக்கச் சொன்னல்ல, அன்னிக்கு நான் முறுக்கல. கை வழுக்குச்சு, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

நான் வாயைத் திறந்தேன். லாசரஸ் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ஜெஃப்ரி கத்தவில்லை. நூறு தடவை சொன்னேனேப்பா என்றான், அவ்வளவுதான். கத்தியது அமலராணிதான். மகனுக்காகத் தான் பட்டினி கிடந்து ஜெபித்ததையெல்லாம் இந்த மனுஷன் ஒரு திருகை முறுக்காமல் கெடுத்துவிட்டார் என்று தலையில் அடித்துக்கொண்டார். கிளாஸில் ஊருக்கே பாடம் எடுத்தவருக்கு இது தெரியாதா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். லாசரஸ் தலையாட்டிக்கொண்டே நின்றார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

வாசலில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன். இதென்ன அசட்டுத்தனம், உண்மையைச் சொல்லுங்கள், அந்த அம்மாள் தெரியாமல் செய்தது, பையன் புரிந்துகொள்வான் என்றேன். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றும் மிரட்டினேன். அவர் காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"அவனைக் குளிப்பாட்டறது, புண்ணுக்கு மருந்து போடறது, துணி மாத்தறது எல்லாம் அவ கைதான் சார். அந்தக் கை மேல அவனுக்கு வெறுப்பு வந்துட்டா, அப்புறம் அவனை யார் தொடறது? அவளால தன் கையையே பார்க்க முடியாது. என்னை வெறுக்கட்டும். எனக்கு அங்க பெருசா வேலை இல்ல."

அவருக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. காலையும் மாலையும் மகனைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பதும் திரும்பப் படுக்க வைப்பதும் அவர்தான். அந்தக் குடும்பத்தில் அதற்கு வலு இருந்தது அவர் ஒருவருக்குத்தான். அதை அவருக்கு நினைவூட்ட எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அமலராணி கூப்பிட்டார். ஜெஃப்ரி வெகுநேரமாக உட்கார்ந்திருந்ததால் முதுகு எரிகிறது, படுக்க வேண்டும் என்றார். லாசரஸ் சேற்றுக் கையை வாசல் குழாயில் கழுவிக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன். அவர் வழக்கம்போல முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் மகனுடைய அக்குளுக்குக் கீழே கொண்டுபோனார்.

ஜெஃப்ரி பலமில்லாத கையால் அப்பாவின் மார்பைத் தள்ளினான். அது தள்ளல்கூட இல்லை, ஒரு குழந்தையின் கை அளவுக்குத்தான் இருந்தது. லாசரஸ் உடனே விலகி நின்றார்.

"நீங்க வேணாம்ப்பா. கீழ போட்டுடுவீங்க" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்க தூக்குங்க" என்றான்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. இடுப்பில் ஏற்கெனவே பிடிப்பு. அவனை எப்படிப் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. லாசரஸ் அலமாரியோரம் நின்றுகொண்டு, முதலில் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொடுங்கள், காலை அகட்டி வையுங்கள், அவன் தலையை உங்கள் தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொன்றாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். நான் அப்படியே செய்தேன். பையன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பாதி தூக்கியபோது அவன் என் பிடியிலிருந்து கொஞ்சம் நழுவினான். லாசரஸின் இரண்டு கைகளும் தாமாக முன்னால் நீண்டன. தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

ஒருவழியாகக் கட்டிலில் போட்டேன். ஜெஃப்ரி சுவர்ப்பக்கம் திருப்பிவிடச் சொன்னான். திருப்பிவிட்டேன். நாளைக் காலையில் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டதற்கு, இனிமேல் உட்காரப் போவதில்லை, யாரும் வர வேண்டாம் அங்கிள் என்றான்.