தலைமாடு

பிரீசர் பெட்டியின் கண்ணாடி மேல் செல்போன் திசைகாட்டியை வைத்து, முள் நின்றதற்கு எதிர்ப்பக்கமாகக் கையை ஆட்டினான் ஹேமநாத். தறியை நிறுத்திவிட்டு வந்திருந்த நாலு பேர் பெட்டியைத் திருப்பினார்கள். அப்பா சுப்பராயலுவின் தலை ஜன்னல் பக்கம் போனது. செத்தவர் தலை தெற்கே இருக்க வேண்டும், ஜன்னல்தான் தெற்காம்.

தங்கை சுபலட்சுமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

"ஏன் சும்மா நடந்துகினே இருக்க? உக்காரு" என்றான் ஹேமநாத்.

எங்கே உட்காருவது? ஆரணி பைபாஸ் ஓரத்து இந்தப் புது வீட்டுக்குக் குடிவந்து மாதம்கூட ஆகவில்லை. வந்ததிலிருந்து அப்பா ஆஸ்பத்திரியில், அம்மா அவர் கூட. இன்றைக்கென்று வானமும் மூடிக் கிடந்தது. திசை யாருக்குத் தெரியும்? போன் சொன்னதுதான் வேதம். ஆனால் பெட்டிக்கடியில் மோட்டார் ஓடுகிறது. பக்கத்தில் காந்தம் இருந்தால் இந்தப் பாழாய்ப்போன முள் கூசாமல் பொய் சொல்லும்.

அவளுக்குத் தெரியாததா? கடலடிச் சேற்றில் இரும்புத் துகள் எந்தப் பக்கம் பார்த்துப் படிந்திருக்கிறது என்று பார்த்தே சேற்றின் வயதைச் சொல்வது அவள் வேலை. பூமியின் காந்தம் எத்தனையோ தடவை தலைகீழாகப் புரண்டிருக்கிறது. ஒவ்வொரு புரளலும் சேற்றில் பதிந்து கிடக்கிறது. போன பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் ஸ்டாப்பில் அப்பாவிடம் இதைச் சொன்னாள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"முள்ளு வடக்க உட்டுட்டு தெக்க காட்டுச்சுன்னா, செத்தவன் தலைய எந்தப் பக்கம் வெப்பீங்க?"

அவளும் சிரித்தாள். பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

போனை எடுத்துக்கொண்டு எதிரே காலி மனைக்கு ஓடினாள். முள் ஆடி ஆடி நின்றது. ஜன்னல் பக்கம் வடக்கு.

வந்து சொன்னதும் ஹேமநாத்துக்குச் சுருக்கென்றது. ஊரே பார்த்துவிட்டது, மாலையும் போட்டாயிற்று, அப்பாவைப் பம்பரமாகச் சுற்றச் சொல்கிறாயா என்று கடுகடுத்தான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இப்படியே விட்டால் அப்பா வடக்கே தலைவைத்தே போய்விடுவார்.

சுவரில் சாய்ந்திருந்த அம்மா கமலம் தலை தூக்கினாள்.

"உங்கப்பா ஒருநாளும் வடக்க தலை வெச்சுப் படுத்ததில்லடா. திருப்பு."

முதல் மூலையை ஹேமநாத்தே பிடித்தான். பெட்டி திரும்பியது. சுபலட்சுமி கண்ணாடி மேல் குனிந்தாள்.

"முள்ளு மட்டுந்தாம்பா மாறும். தெக்கு அங்கயேதான் இருக்கும்."

மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் அப்பாவின் முகம் மறைந்தது. துப்பட்டா நுனியால் அவசரமாகத் துடைத்தாள்.