ஆரோக்கியமேரியின் பத்தியம்

தேவசகாயம் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தார். கூடத்தில் மனைவி ஆரோக்கியமேரியைக் கிடத்தித் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். லாலாகூடா ரயில்வே குடியிருப்புப் பெண்கள் ஜெபமாலை சொல்லும் சத்தம் அடுப்படிவரை கேட்டது. காலையில் பல் விளக்கப் போனவள் வாசற்படியில் சாய்ந்தாள். மாரடைப்பு என்று சொல்லத்தான் டாக்டர் வந்தார்.

பக்கத்து வீட்டு அன்னக்கிளி வந்து கத்தியை வாங்கி வைத்தாள். இன்றைக்கு இந்த வீட்டில் உலை வைக்கக் கூடாது என்றாள். அவர் தலையாட்டினார். வாசலுக்குப் போனார். வந்தவர்கள் கையைப் பிடித்ததும் விடுவித்துக்கொண்டு, மறுபடி அடுப்படிக்கே திரும்பி, ஊறப்போட்ட பச்சைப்பயறுக்குத் தண்ணீர் மாற்றினார்.

ஆரோக்கியமேரிக்குப் பித்தப்பையில் கல். உடம்பு இளைத்தால்தான் ஆபரேஷன் என்று ரயில்வே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எடை குறையவேண்டும், தெம்பு குறையக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த தேவசகாயத்துக்கு அதுவரை வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அன்றுமுதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அடுத்த வாரச் சாப்பாட்டை யோசிக்க உட்கார்ந்துவிடுவார். சோற்றைக் கைப்பிடியளவாக்கி, மிச்ச இடத்தைக் காயாலும் கீரையாலும் நிரப்பினார். முளைகட்டிய பயறு, முட்டையின் வெள்ளைக்கரு, ஆடை எடுத்த மோர். ராத்திரிக்கு ஜொன்ன ரொட்டி என்கிற சோள ரொட்டி தட்டத் தெலுங்கு வீடொன்றில் போய்க் கற்றுக்கொண்டார். எண்ணெய் விடாமல் புளிச்சக்கீரைக்கு ருசி வரவழைக்க அவர் பட்ட பாடு தனி. ஆரோக்கியமேரி முதலில் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். பிறகு கேலி செய்தாள். நாகபுரியில் மகள் ஸ்டெல்லா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தபின் அவரைவிட அவளே கண்டிப்பாகிவிட்டாள்.

ஸ்டெல்லாவுக்குத் தந்தி போயிருந்தது. நிறைமாதம், வர முடியாது.

மதிய வண்டியில் காசிப்பேட்டையிலிருந்து ஆரோக்கியமேரியின் தம்பி செபஸ்தியான் வந்தான். அக்காவைப் பார்த்து ஒரு வருஷமாகியிருந்தது. ஒட்டிப்போன கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு எழுந்து அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"பட்டினி போட்டே கொன்னுட்டீங்களே, மாமா."

ஜெபமாலை சற்றுத் தடுமாறித் தொடர்ந்தது. அன்னக்கிளி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தேவசகாயம் வேண்டாமென்று கையசைத்தார்.

நேற்றுச் சாயங்காலம் அவருக்கே மனசு கேட்கவில்லை. மெட்டுகூடா கடையில் வறுத்த மீன் வாங்கிவந்து அவள் முன்னால் பிரித்து வைத்தார். அவள் மோந்து பார்த்துவிட்டுப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"நக்கோ, எனக்கு வேணாம். நீங்க சாப்பிடுங்க. ஸ்டெல்லா புள்ளயத் தூக்கிட்டு நான் நடக்கணும்ல."

அவர்தான் சாப்பிட்டார். அவள் எதிரே உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தாள். இதைச் செபஸ்தியானிடம் சொல்லியிருக்கலாம். தேவசகாயம் அவனுடைய கசங்கிய சட்டையைப் பார்த்தார்.

"டீ குடிச்சியா?" என்றார்.

வெயில் தாழப் பெட்டி வந்தது. செய்த தச்சர் அவளைப் பருமனாகவே வருஷக்கணக்காகக் கோயிலில் பார்த்தவர். தெரிந்த உருவம்தானே என்று அளவு கேட்காமல் அகலமாகவே அடித்திருந்தார். தூக்கி உள்ளே வைத்ததும் இரண்டு பக்கமும் இடம் மிஞ்சியது. பெட்டியை நகர்த்தும்போது உடம்பு ஒருபுறமாகச் சரிந்தது. தச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

தேவசகாயம் உள்ளே போய் அவளுடைய சேலைகளை அள்ளிவந்தார். பெட்டியருகே மண்டியிட்டு ஒவ்வொன்றாகச் சுருட்டி, விலாவுக்கும் பலகைக்கும் நடுவே செருகினார். ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் தளர்ந்தது. எடுத்துவிட்டு மறுபடி செருகினார்.

செபஸ்தியான் எதிர்ப்பக்கம் வந்து மண்டியிட்டு, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தப் பக்கம் இன்னொண்ணு வேணும், மாமா."

தேவசகாயம் பச்சைச் சேலையை உதறி, இரண்டாக மடித்து, அவனிடம் நீட்டினார்.