இரண்டரை கேலன் அதிகம்

பத்தொன்பது வருஷமாக நான் கேஸ் போடுகிறேன். அமெரிக்காவில், வயோமிங்கில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் கடை. முன்னால் மாட்டுத்தீவனம், உள்ளே ஆணியும் கையுறையும், பின்னால் பெரிய புரொப்பேன் கேஸ் டாங்க். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களோடு எனக்குத் தகராறே வந்ததில்லை. வீட்டுவண்டிக்காரர்கள்தான் உயிரை வாங்குவார்கள். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் ஒரே வண்டிக்குள். அதற்கான கேஸ் டாங்க் வண்டியின் அடிவயிற்றோடு பொருத்தியது, கழற்ற முடியாது. அதனால் வீடே வந்து என் குழாயடியில் நிற்க வேண்டும். ஆட்கள் எல்லாரும் இறங்க வேண்டும். அடுப்பிலும் ஹீட்டரிலும் பொறிகூட இருக்கக் கூடாது. "நாய் மட்டும் உள்ளயே இருக்கட்டுமே" என்பான் ஒருத்தன். "ஏன், அது செத்தா பரவாயில்லையா?" என்று கேட்பேன். என் வாய் அப்படி.

இன்னொரு விஷயத்தில் நான் இன்னும் மோசம். டாங்க் நூற்றுக்கு எண்பது பங்கு நிரம்பியதும் பக்கத்தில் உள்ள ஒரு சின்னத் திருகிலிருந்து கேஸ் வெள்ளையாகச் சீறும். சீறியதும் நிறுத்திவிட வேண்டும். மேலே இருக்கும் இருபது பங்கு, சூடு ஏறினால் கேஸ் பொங்குவதற்கான இடம். புதிய டாங்க் என்றால் அதுவே அடைத்துக்கொள்ளும். பழைய டாங்க்குக்கு அந்தத் திருகும் என் கண்ணும்தான் காவல். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்காத வீட்டுவண்டிக்காரன் கிடையாது. ஒருத்தனுக்கும் நான் போட்டதில்லை, அந்த ஜனவரி வரைக்கும்.

வெண்டலுக்கு எழுபத்தெட்டு வயதிருக்கும். வண்டிக்கு நாற்பது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. பனிப்புயல் வருகிறது என்று இரண்டு பக்கமும் சாலைக் கதவுகளை இழுத்து மூடிவிட்டார்கள், மூன்று நாளைக்குத் திறக்க மாட்டார்கள்.

"உள்ள யாரு இருக்கா?" என்றேன்.

"என் வீட்டுக்காரி. நெஞ்சு சரியில்லம்மா. இந்தக் குளிர்ல இறக்க முடியாது."

"இறக்கலன்னா நான் குழாயைத் தொட மாட்டேன்."

வண்டியின் கதவு ஒரு விரற்கடை திறந்தது. "வெண்டல், அந்தப் பொம்பளகிட்ட ஏன் மல்லுக்கு நிக்கிற? உன்னைவிட அவளுக்கு மூளை இருக்கு" என்றது ஒரு குரல். அதுதான் ஐவா.

நானே தூக்கிக்கொண்டு வந்து கடை ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்தேன். தீவன மூட்டையில் பாதி கனம்கூட இல்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், தலையில் ஆரஞ்சு நிற வேட்டைக்காரத் தொப்பி.

"நவம்பர்லயே வெயில் தேடி அரிசோனா போயிருக்கணும். எல்லாம் இவனாலதான்" என்றாள்.

"அவர் என்ன பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல. நான்தான் ஆஸ்பத்திரியில படுத்துட்டேன். ஆனா பழியை அவன் மேல போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

சிரித்தாள். சிரிப்பு இருமலானது, இருமல் நிற்க ரொம்ப நேரம் ஆனது. எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

டாங்க் சுத்தமாகக் காலி. இருபது கேலன் பிடிக்கும். பதினாறு ஏறியதும் திருகு சீறியது. குழாயை மூடினேன்.

"இன்னும் கொஞ்சம் போட முடியுமாம்மா?" என்றார் வெண்டல்.

"பெத்தவ வந்து கேட்டாலும் போட மாட்டேன்."

"ஹீட்டர் ஒரு நாளைக்கு அஞ்சு கேலன் குடிக்குது. மூணு நாள் தாண்டிட்டா என்ன பண்ணுவேன்? இன்னொரு தடவை அவ நெஞ்சுல குளிர் இறங்கினா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

நான் பில் எழுதச் சீட்டை எடுத்தேன். "சரிம்மா, உன் வேலை உனக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கடைப்பக்கம் திரும்பிக்கொண்டார். கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன். கெஞ்சுகிறவர்கள் எனக்குப் பழக்கம். இவர் கடையின் ஜன்னல் கண்ணாடி வழியாக ஐவாவைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். ஐவா தொப்பியைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அவருக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

குழாயை மறுபடியும் திறந்தேன். திருகை இறுக்கிவிட்டு இரண்டரை கேலன் ஏற்றினேன். தெரியாமல் செய்யவில்லை. இந்தக் குளிரில் கேஸ் சுருங்கித்தான் கிடக்கும், பொங்குவதற்குள் எரித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரிதான். சீட்டில் பதினாறு என்றே எழுதினேன்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வண்டியைக் கடை முற்றத்திலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். மூன்று மணிக்குக் காற்று எடுத்தது. அந்தப் பழைய வண்டி இருந்த இடத்திலேயே ஆடியது. எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மைல் தள்ளி இருக்கும் என் தம்பி ராய்ஸுக்குப் போன் போட்டேன்.

"டேய், உன் டிராக்டர் கொட்டகையில இடம் இருக்கா?"

"ஏங்க்கா, யாராவது உன்னை வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களா?"

"விளையாடாதடா. வயசானவங்க ரெண்டு பேரு. அந்தம்மாவுக்கு மூச்சு இழுக்குது."

"வரச் சொல்லு. டிராக்டர் ஒண்ணும் கோவிச்சுக்காது."

டீசல் உறையாமல் இருக்க அந்தக் கொட்டகையில் எப்போதும் இருபது டிகிரி சூடு வைத்திருப்பான். மூலையில் கேஸ் ஹீட்டர் இரவும் பகலும் எரியும். நெடுஞ்சாலையைத் தொடாமல் பண்ணைப் பாதையில் நான் முன்னால் வண்டியை ஓட்டி வழி காட்டினேன், வெண்டல் பின்னாலேயே வந்தார். உள்ளே போனதும் பெரிய கதவை நானே இழுத்துச் சாத்தினேன். கதகதப்பு முகத்தில் பட்டதும் ஐவா, "வெண்டல், நாம அரிசோனா வந்துட்டோம்டா" என்றாள். அவர்கள் தங்கள் ஹீட்டரைப் போடவே இல்லை. போட அவசியம் இல்லை. நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலை ஏழு மணிக்கு ராய்ஸ் போன் செய்தான்.

"அக்கா, கொட்டகை வெடிச்சுப் போச்சு."

"அவங்க ரெண்டு பேரும்?"

"பெரியவர் கஞ்சி வாங்கிட்டுப் போக என் சமையல்கட்டுக்கு வந்திருந்தாரு. அந்தம்மா உள்ள தூங்கிட்டு இருந்தாங்க."

போனைக் கீழே வைப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இரவெல்லாம் அந்த வெதுவெதுப்பில் டாங்க் சூடேறியிருக்கிறது. பொங்க வேண்டிய இடத்தில் என்னுடைய இரண்டரை கேலன் உட்கார்ந்திருந்தது. போக வழியில்லாமல் பாதுகாப்பு வால்வு திறந்து கேஸை வெளியே தள்ளியிருக்கிறது. அது தரையோடு தரையாக ஊர்ந்து மூலையில் எரிந்துகொண்டிருந்த ஹீட்டருக்குப் போயிருக்கிறது. வெளியே குளிரில் நின்றிருந்தால் அந்த இரண்டரை ஒன்றும் செய்திருக்காது. பதினாறோடு கொட்டகைக்குப் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு நல்லதில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் அவள் இருந்திருப்பாள். இரண்டையும் நான்தான் செய்தேன். இரண்டாவதைச் செய்யும்போது முதலாவது ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை.

சாலை திறந்த அன்று தீ விபத்து அதிகாரி வந்தார். ராய்ஸின் சமையல்கட்டில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். வெண்டல் ராய்ஸின் சட்டையைப் போட்டிருந்தார். அவருடைய துணி என்று ஒன்றும் மிஞ்சவில்லை. வலது கையில் கட்டு. எரிகிற கதவை இழுக்கப் பார்த்திருக்கிறார்.

"சீட்டுல பதினாறு கேலன்னு இருக்கு" என்றார் அதிகாரி. "சரியான அளவுதான். வால்வு நாப்பது வருஷப் பழசு, அதுவே விட்டுப்போயிருக்கலாம். திருகு சீறினதும் நிறுத்திட்டீங்க இல்ல?"

"நிறுத்தினேன்."

அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நினைத்ததற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெண்டல் கட்டில்லாத கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவங்க அடக்கமா பேசுறாங்க சார். இதையும் எழுதுங்க. நிறுத்தின பிறகு எங்களுக்காக இன்னும் ரெண்டரை கேலன் போட்டாங்க. சீட்டுலகூட எழுதல, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு வேற சொன்னாங்க. ஐவா கடைசியா ஒரு ராத்திரி குளிராம தூங்கினான்னா அது இவங்களாலதான்."

அதிகாரியின் பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார். ராய்ஸ் விவசாயி, கேஸோடு புழங்குகிறவன். அவன் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தான்.

"என்ன ஆச்சு?" என்றார் வெண்டல். "நல்லதைத்தானே சொன்னேன்?"

அதிகாரி பேச வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் வாயிலிருந்து அது வரக் கூடாது.

"அந்த ரெண்டரையாலதான் வெடிச்சுது" என்றேன்.

வெண்டல் தலையை ஆட்டினார். என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார், ஆறுதல் சொல்கிற மாதிரி. அவருக்கு எட்டவில்லை. இன்னொரு முறை சொன்னேன். குளிரில் இருந்து, டாங்க்கில் இருந்து, கொட்டகையில் இருந்து, ஒவ்வொன்றாக, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அப்போதுதான் என் கையை விட்டார்.