கண்ணாடிக்காரனுக்கு ஒரு பைனாகுலர்

கடைக்காரர் குமரகுரு கொடுத்த முதல் பைனாகுலரை மூக்குக்கண்ணாடியின் மேலேயே வைத்துப் பார்த்தேன். நடுவில் சின்ன வட்டம், சுற்றிலும் கருப்பு. எதிர்க்கடைப் பலகையில் இரண்டே எழுத்து தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கோளாறு சாமானில்தான் என்று தெரிந்துபோயிற்றே.

போன ஜனவரியில் ஏனாத்தூர்ப் பக்கத்து ஏரியில் பறவை எண்ணினோம். நாற்பத்தேழு வயசில் எழுத்துக் கற்றவன் நான். நோட்டில் முதலில் நிரப்பியது பறவைப் பெயர்களைத்தான். ஞாயிறு கோயில் முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்விடுவேன். அன்றைக்கு ஒரு பழைய பைனாகுலரில் நான் எண்ணிய அரிவாள் மூக்கன் இருபத்து மூன்று. பக்கத்தில் நின்ற காலேஜ் டீச்சர் கலையரசி நாற்பத்தொன்று எழுதியிருந்தார். "கண்ணாடியோட பாக்கறீங்கல்ல, இந்தப் பழசுல ஓரம் அடிபடும். கண்ணாடிக்காரங்களுக்குன்னு பாத்து வாங்குங்க" என்றார். எட்டு மடங்கு பெரிதாக்குகிற எட்டுக்கு நாற்பத்திரண்டு அளவு போதும், பெரிய நம்பருக்கு ஆசைப்பட வேண்டாம், கண் வைக்கிற ரப்பர் திருகினால் உள்ளே இறங்க வேண்டும், கண்ணுக்கு இடைவெளி பதினாறு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

இது நடந்து நாலு மாசத்தில் இன்னொன்றும் நடந்தது. சாயம் போட்ட பட்டுக் கட்டுகளை சைக்கிளில் ஏற்றி பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாகக் கொடுப்பது என் வேலை. காலையில் தெரு நீளத்துக்குத் தறிக்கான பட்டு இழைகளைப் பாவாக நீட்டியிருப்பார்கள். அங்கே மாடுகூட அதைப் பார்த்து ஒதுங்கிப் போகும். இருபது வருஷமாகப் போகிற தெருவில், இடப்பக்கம் இருந்த பாவுக்குள் நான் சைக்கிளை விட்டேன். இழைகள் பட்பட்டென்று அறுந்தன. "இன்னாபா தேவசகாயம், கண்ண வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார் நெசவுக்காரர் வீரபாகு. வெயில் கண்ணில் அடித்தது என்றேன். அன்று வெயில் முதுகுப் பக்கம் இருந்தது. இன்னொரு தரம் நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

குமரகுரு இரண்டாவதை எடுத்தார். நாலாயிரத்துக்குள்தான். ரப்பரைத் திருகி இறக்கி, ஆடாமலிருக்க ஸ்டாண்டில் பூட்டி, தூரத்துக் கோபுரத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"இப்ப பாருண்ணே. கருப்பு இருக்குதா?"

இல்லை. கருப்பே இல்லை. மூன்றாம் நிலையில் புறாக்களின் கழுத்துப் பச்சைகூடத் தெரிந்தது.

"லில்லி, வந்து பாரேன். மூணு புறா, எவ்ளோ தெளிவா இருக்குது!"

என் மனைவி தன் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். "இன்னாயா, பறவ எண்றவராம் இவரு. மூணா இது? ஒம்போது இருக்குது. ஓரமா ஒரு வரிசையே உக்காந்துக்கினு இருக்குதே."

"பறந்து வந்திருக்கும்."

"இல்லண்ணே, மொதல்லேர்ந்தே அங்கதான் இருக்குது" என்றார் குமரகுரு. அவரும் கண்ணாடி போட்டவர்தான்.

மறுபடி குனிந்தேன். மூன்று. கண்ணை இடப்பக்கம் ஓட்டினேன். ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. திரும்ப நடுவைப் பார்த்ததும் அவை இல்லை. கருப்பும் இல்லை. இருந்த இடமே இல்லாத மாதிரி இருந்தது. அறுந்த பாவு அதே பக்கம்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டே தலையைத் தூக்காமல் நின்றேன்.

லில்லி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "அன்னிக்கு நெலவாசல்ல தோள இடிச்சிக்கினியே," என்றாள் மெதுவாக, "அதுவும் இந்தப் பக்கந்தான?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தேன்.

"பேக் பண்ணட்டுமாண்ணே?"

என் சட்டைப்பையில் இருந்த பணத்தை லில்லி தானே எடுத்துத் தன் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். "எடுத்து வெய்ப்பா. மொதல்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரோம்."

"இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தெருவில் இறங்கினோம். முப்பது வருஷமாக என் வலப்பக்கம் நடப்பவள் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். வளையல் சத்தம் தோளோரம் கேட்டது. நேராகப் பார்த்தபடி நடந்தேன். சத்தம் கூடவே வந்தது. அவளைக் காணோம்.