ராகுவின் லண்டன் நேரம்

“ராகு காலத்திலை கையெழுத்து வைச்சால் கடை என்ன, கடைக்கு முன்னாலை நிக்கிற பஸ் ஸ்டொப்பும் உருப்படாது எண்டு சொன்னது ஆர்?”

“நான்தான்” என்றான் குலசேகரம்.

அது போதும் என்பதுபோல் பாலேந்திரா பெட்டிக்குள் சட்டைகளை அடைக்கத் தொடங்கினான்.

லண்டன் நோர்பரியில் ஆறு வருடம், ஒரே அறை, ஒரே கட்டில். குலசேகரத்துக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். பாலேந்திராவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் பகல். ஒருவன் எழும்பிய சூட்டிலேயே மற்றவன் விழுந்து படுப்பான். இவ்வளவு நெருங்கிய சிநேகிதர்கள் இவ்வளவு குறைவாக முகம் பார்த்துக்கொண்டது உலகத்தில் வேறெங்கும் நடந்திராது. ஞாயிறு மத்தியானத்தில்தான் இருவரும் சேர்ந்து விழித்திருப்பார்கள். அப்போது கட்டிய மனக்கோட்டைதான் வீடியோக் கடை. தமிழ்ப் படக் கசெற் வாடகைக்கு. உள்ளே இரண்டு கதிரை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு அதில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கடையும் அகப்பட்டது. வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குக் கையெழுத்து வைக்க வரச் சொன்னான் கடைச் சொந்தக்காரன். குலசேகரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கலண்டரைப் பார்த்தான். பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு. எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் பாலேந்திராவை இழுத்து இருத்தினான். பன்னிரண்டு ஐந்துக்கு வலது காலை வைத்து உள்ளே போனால், யாரோ பதினொன்றரைக்கே சாவியை வாங்கிப் போய்விட்டானாம். பழைய தளபாடம், மேசை கட்டில் எல்லாம் விற்கப் போகிறானாம். கதிரையும் உண்டாம்.

கோயில் ஐயர் சிரிக்காமல் விளக்கினார். ராகு சூரியன் எழும்புவதைப் பார்த்து வருகிறவர். லண்டன் கோடையில் சூரியன் ஐந்து மணிக்கே வந்துவிடும், பகலும் நீண்டு கிடக்கும். அன்றைக்கு ராகு பதினொன்று தாண்டித் தொடங்கி ஒரு மணிவரை நின்றது. பத்தே முக்கால் சுத்தமான நேரம். வலது காலைக் கொண்டுபோய் வைத்ததுதான் ராகுவின் மடியில்.

பாலேந்திரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அடுத்த கிழமை, ரொறொன்ரோவிலிருக்கும் தமக்கைக்குத் தன்னைக் கூப்பிடச் சொல்லிக் கடிதம் போட்டான். விசா வந்துவிட்டது. இன்று பிளைட்.

பெட்டி மூட மறுத்தது. குலசேகரம் மேலே ஏறி இருந்து மூடிக் கொடுத்தான். பிறகு இறங்கவில்லை.

“எழும்படா, டாக்ஸி வந்திட்டுது. இனிக் கட்டில் முழுக்க உனக்குத்தானே.”

குலசேகரம் கட்டிலைப் பார்த்தான். நாளைக்கு விடிய வரும்போது அது குளிர்ந்துபோய்க் கிடக்கும்.

“இப்ப ராகு காலம், மச்சான். இந்த முறை லண்டன் கணக்கிலை பாத்தனான். பிளைட்டை விட்டிட்டு நில்லன்ரா.”