அழைப்பிதழில் காலி இடம்

இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளைம்களைக் கண்டுபிடிப்பது என் வேலை. யாராவது ரொம்ப அழகாக விளக்கம் சொன்னால் எனக்கு உடனே மூக்கு வேர்த்துவிடும்.

என் தங்கை தாமரையின் கல்யாண அழைப்பிதழை வடிவமைத்தது மாப்பிள்ளை முகுந்தனேதான். பிரிக்ஃபீல்ட்ஸில் சின்னதாக ஒரு டிசைன் ஆபீஸ் வைத்திருக்கிறார். மறுநாள் அச்சுக்குப் போகவேண்டிய அட்டை. மாதிரியை வாங்கிவர நான்தான் போனேன். திறந்து பார்த்தேன். பெண் வீட்டார் சார்பில் அழைப்பவர்கள் டத்தோ ராஜன் தம்பதியர். டத்தோ என்று அரசாங்கப் பட்டம் வாங்கிய எங்கள் சித்தப்பா. அம்மாவின் பெயர் எங்குமே இல்லை.

அப்பா இறந்தபின் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டி எங்கள் இருவரையும் ஆளாக்கியவள் அம்மா. முதல் அட்டைக்கு மஞ்சள் தடவிச் சாமியிடம் வைக்கவேண்டும் என்று காலையிலிருந்து காத்திருந்தாள்.

"அம்மா பேரு எங்க தம்பி?" என்றேன்.

"அக்கா, இது கோல்டன் ரேஷியோ. தங்க விகிதம். நீளத்தை அகலத்தால வகுத்தா ஒண்ணு புள்ளி ஆறு ஒண்ணு எட்டு வரணும். சூரியகாந்தி விதை, அன்னாசித் தோல், எல்லாத்துலயும் இந்தக் கணக்கு இருக்கு. நிறைய பேரு போட்டா பேலன்ஸ் போயிடும் லா."

அவருடைய அப்பா, அம்மா பெயர்கள் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. அவர்களுக்கு மட்டும் சூரியகாந்தி இடம் விட்டதாக்கும். கேன்டீன்காரியைச் சம்பந்தி என்று காட்ட அவர்களுக்கு வெட்கம் என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

அவர் மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்து அட்டையை அளந்தேன். நீளம் ஏழு அங்குலம், அகலம் ஐந்து. போனில் வகுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஒண்ணு புள்ளி நாலுதான் வருது. உங்க தங்கம் எங்க தம்பி?"

முகுந்தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். அவர் முதலில் செய்த அட்டை அது. மேலேயே 'திருமதி லெட்சுமி பக்கிரிசாமி' என்று இருந்தது.

"நான் அத்தை பேரைத்தான் போட்டேன் அக்கா. டத்தோ அங்கிள் பேரு மட்டும் போதும்னு தாமரைதான் சொன்னா. ஆபீஸ்லேர்ந்து அவ பாஸ் எல்லாம் வராங்களாம். நீங்க கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம இந்தக் கணக்கைச் சொல்லிட்டேன்."

சம்பந்தி வீட்டில் ஒருத்தரையும் விடாமல் சந்தேகப்பட்டவள் நான். என் தங்கையை மட்டும் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரும்வரை அவளுக்குப் போன் செய்யக் கை பரபரத்தது. ஆனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

அம்மா அட்டையை வாங்கி மெதுவாகப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"என் பேரு இல்லையே."

"தங்க விகிதம்னு ஒரு கணக்கும்மா" என்றேன். "அழகுக்குன்னு ஒரு அளவு இருக்காம். பூவு, பழத்துலகூட அதுதானாம். நிறைய பேரு போட்டா அந்த அழகு கெட்டுடுமாம்."

முகுந்தனைவிட நான் அழகாகச் சொன்னேன்.

அம்மா மஞ்சளைத் தொட்டு நான்கு மூலையிலும் வைத்தாள். விரல் அட்டையின் நடுவில் வந்து நின்றது.

"இவ்ளோ எடம் சும்மாதான கெடக்கு?"

அட்டையை முருகன் படத்தின் முன்னால் வைத்துவிட்டு, மஞ்சள் கிண்ணத்தைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள்.

"இப்படியே அச்சுக்குக் குடுத்துடச் சொல்லு. தாமரைகிட்ட ஒண்ணும் கேட்டுடாத. கல்யாணப் பொண்ணு, அழுவா."